சலவைக்கடைக்காரனின் நாலெழுத்து

இந்த வருஷம் கிம்ச்சி ஊறுகாய் போட மாமியார் வீட்டுக்குப் போவதே இல்லை என்று தோ-ஷிக் சபதம் எடுத்தான். கண்ணாடி முன்னால் நின்று, மனைவி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான்.

சும்மாவா? கோசானில் மாமியார் வீட்டு முற்றம். நவம்பர் குளிர். நூறு கோஸ். ஒவ்வொன்றையும் பிளந்து, உப்பில் ஊறவைத்து, இலைக்கு இலை மிளகாய் விழுது பூச வேண்டும். கிம்ச்சி போடும் அதே சனிக்கிழமைதான் ஏரியில் அவன் தூண்டிலுக்குக் கெண்டை துள்ளும்.

போன வருஷம் நேராகவே சொல்லிப் பார்த்தான். "கடையிலே வாங்கினா என்ன குறைஞ்சுடும்?"

மனைவி பொக்-ஹி ஒரே கேள்விதான் கேட்டாள். "நீங்க டி-தானே?"

அவர்கள் நாட்டில் ராசி நட்சத்திரம் கேட்பது போல, குணச் சோதனையில் வந்த நாலெழுத்து என்ன என்று கேட்பார்கள். ஆளின் மொத்த குணமும் அதற்குள் அடக்கம். அதில் டி இருந்தால் நெஞ்சில் ஈரம் இல்லை என்று பொருள். அந்த ஒற்றை எழுத்து ஒரு மாதம் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டது.

இந்த முறை அவனுக்கு ஒரு வழி கிடைத்தது. பொக்-ஹி பார்க்கும் தொடரில் யுன்-ஓ என்று ஒரு சலவைக்கடைக்காரன். வாரத்துக்கு ஏழு வார்த்தை பேசுவான். சட்டைக் கறையைப் பார்த்தே, போட்டவர் எங்கே அழுதார் என்று கண்டுபிடிப்பான். கூட்டம் வந்தால் தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். அவன் வந்துவிட்டால் பொக்-ஹி ஆரஞ்சுச் சுளையை வாயருகே பிடித்தபடி, தின்ன மறந்து உட்கார்ந்திருப்பாள்.

"என்னா மனுஷன்! ஐ.என்.எஃப்.ஜே. கோடியில ஒருத்தர்!"

தோ-ஷிக் கைபேசியில் அந்தச் சோதனையைத் திறந்தான். அறுபது கேள்விகள். எல்லாவற்றுக்கும் யுன்-ஓவாக மாறியே பதில் தட்டினான். கூட்டம் களைப்பூட்டுமா? மிகவும். பிற உயிர் துடித்தால் உங்களுக்கும் வலிக்குமா? மிக மிக.

வந்தது அதே நாலெழுத்து. ஒன்றும் பேசாமல் மனைவியிடம் நீட்டினான்.

சுளை மடியில் விழுந்தது. "ஏங்க... நீங்களா?"

தலையைக் குனிந்துகொண்டான்.

"பதினாலு வருஷமா வீட்டுக்குள்ள ஒரு யுன்-ஓவை வச்சுக்கிட்டு, டி டின்னு திட்டியிருக்கேனே! அப்போ கோசான்ல அந்தக் கூட்டமும் கூச்சலும் உங்களுக்குத் தாங்காது, இல்லே?"

பெருமூச்சு விட்டான். நல்ல நீளமாக.

"சொல்லவே வேணாம். புரிஞ்சுபோச்சு. நான் பார்த்துக்கறேன்."

பொக்-ஹிக்கு அந்த அறுபது கேள்விகளும் மனப்பாடம் என்பதை அவன் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை காலை தூண்டிலைத் தேடினான். அது மாட்டியிருந்த ஆணியில் சிவப்பு ரப்பர் கையுறை தொங்கியது.

"கிளம்புங்க," என்றாள் பொக்-ஹி. "அண்ணன், அண்ணி, தங்கச்சி, தம்பி, யாரும் வர வேணாம்னு சொல்லிட்டேன். நானும் வரலை. அம்மா உள்ளேயே படுத்திருப்பாங்க. முற்றத்துல நீங்களும் நூறு கோஸும் மட்டும். சத்தமே இருக்காது."

"நூறையும்... நான் ஒருத்தனா?"

"அம்மாவுக்கு இடுப்பு வலி. டி-யா இருந்தா, அதுக்கு நான் என்ன பண்றதுன்னு கேட்பாங்க. நீங்க அப்படியா?"

வாயைத் திறந்தான். இந்த இடத்தில் யுன்-ஓ என்ன சொல்வான்? ஒன்றும் சொல்ல மாட்டான். மூடிக்கொண்டான்.

"தூண்டில்?" என்றான் கடைசியாக.

"மீன் துடிச்சா உங்களுக்கு மிக மிக வலிக்குமே! தம்பிகிட்ட குடுத்துட்டேன். அவனுக்குத்தான் இன்னிக்கு வேலை இல்லையே."

தோ-ஷிக் அவளை அண்ணாந்து பார்க்காத குறையாகப் பார்த்தான். சலவைக்கடைக்காரனுக்காவது ஆளைக் கண்டுபிடிக்க ஒரு கறை வேண்டியிருக்கிறது. இவளுக்கு அதுவும் தேவைப்படவில்லை! அந்தப் பிரமிப்பிலேயே கையுறை கையில் ஏறிவிட்டது.

முப்பத்தேழாவது கோஸைப் பிளக்கும்போது கைபேசி கிணுகிணுத்தது. மச்சான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, கைக்குழந்தை அளவுக் கெண்டையை அணைத்தபடி நிற்கிற படம். கீழே பொக்-ஹி எழுதியிருந்தாள்:

"பார்க்காதீங்க. உங்க மனசு தாங்காது."