டீசலை மிச்சப்படுத்தி அப்பாவை அனுப்பிவைத்த விதம்

புக்கிட் ரோத்தான்,
புதன்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய அண்ணன் கணேஸ்வரனுக்கு, தங்கை புனிதவதி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு யாவரும் நலம் என்று தொடங்க வேண்டும். இங்கு யாரும் நலமில்லை. அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடுவதில்லை. நான் கட்டிக்கொண்ட உங்கள் மாப்பிள்ளை சாப்பிடுகிறார், ஆனால் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, அடுப்படியில் நின்றுகொண்டு. நான் பள்ளிக்கூடம் போய் வருகிறேன். அங்கு உங்கள் நலத்தை அறிய வழியில்லை. சுடுகாட்டிலிருந்து ராவாங் போய்ச் சேருவதற்குள்ளாகவே நீங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டீர்கள். அழைத்தாலும் எடுப்பதில்லை. அதனால்தான் பல வருடங்களுக்குப் பிறகு தபால்தலை வாங்கியிருக்கிறேன். கடைக்காரருக்கே அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

வருகிற ஞாயிறு அப்பாவுக்குக் கருமாதி. கொள்ளி வைத்த மகன் வராமல் காரியம் செய்ய முடியாது என்று பண்டாரம் சொல்லிவிட்டார். மகன் வராவிட்டால் காரியமே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். நீங்களோ, மாப்பிள்ளை இருக்கும் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று சுடுகாட்டில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் ராவாங் வந்து உங்கள் வாசலில் நின்று கெஞ்சப் போவதில்லை. அது எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

டீசல் விலை ஏறிய வருடத் தீபாவளிக்கு நீங்கள் வந்திருந்தபோது தொடங்கியது இது. கோயில்களுக்கும் கடைகளுக்கும் தேங்காய் போட்டுப் பிழைக்கிற உங்கள் மாப்பிள்ளை, பிக்கப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று உங்களிடம் ஒப்பாரி வைத்தார். நீங்கள் தொழிற்சாலையில் லோரி ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுப்பவர். முறுக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு இவருக்கும் எடுத்தீர்கள். "பெடலுக்குக் கீழ ஒரு அப்பளம் இருக்குன்னு நெனச்சுக்குங்க மாப்ள, அது ஒடையக் கூடாது." "பிரேக்கத் தொட்டீங்கன்னா, எரிச்ச டீசல ரோட்டுல ஊத்துனதாத்தான் அர்த்தம்." "நின்னா எஞ்சின அணைங்க." "வண்டியில தேவையில்லாத பாரம் இருக்கவே கூடாது." "பக்கத்துல பாக்காதீங்க, தூரத்துல பாருங்க, அப்பதான் சீரா போவீங்க." நான் இயற்பியல் படித்து, இருபது வருடங்களுக்கு மேலாக அதையே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவள். நீங்கள் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. சிக்கலே அதுதான். தவறாக இருந்திருந்தால் அன்றே மறுத்திருப்பேன். உங்கள் மாப்பிள்ளை எதையும் பாதி நம்பத் தெரியாதவர் என்பதை நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை.

மறுநாளே பெடலுக்கடியில் உண்மையான அப்பளம் வைத்தார். ஒரு வாரம் உடையவில்லை. பிறகு எறும்பு வந்தது. பாரத்தைக் குறைக்கிறேன் என்று கருவிப் பெட்டி, ஜாக்கி, ஸ்பேர் டயர் எல்லாவற்றையும் இறக்கினார். முன்னால் ஒட்டியிருந்த பித்தளைப் பிள்ளையாரையும் கழற்றி, அதற்குப் பதிலாகக் காலண்டரில் இருந்த பிள்ளையாரை வெட்டி ஒட்டினார். அடுத்த வாரம் கோலசிலாங்கூர் குன்றின் அடிவாரத்தில் டயர் பஞ்சராகி, மாற்ற ஸ்பேர் இல்லாமல் நாங்கள் வெயிலில் உட்கார்ந்திருந்தபோது, குரங்குகள் இறங்கி வந்து ஒரு மார்க்கெட் பையை முழுசாகக் காலி செய்தன. இவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவால்ல லா புனிதா, திரும்பிப் போறப்ப பாரம் கம்மி" என்றார். அப்போதே நான் உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

பாரம் குறையட்டும் என்று தேங்காயைப் பாதி பாதியாக ஏற்றினார். அதனால் ஒரு முறை போக வேண்டிய இடத்துக்கு இரண்டு முறை போனார். இதைச் சுட்டிக்காட்டினேன். "ஒவ்வொரு ட்ரிப்லயும் மிச்சமாகுதுல்ல" என்று சந்தோஷமாகச் சொன்னார். ஏர்கோன் போடுவதில்லை. நான் வியர்வையில் நனைந்து பள்ளியில் போய் இறங்கும்போது, ஆசிரியை நடந்து வருகிறாரா என்று தலைமையாசிரியர் கேட்கிறார். தோட்டத்து ரோட்டில் கை காட்டுகிறவர்களைப் பின்னால் ஏற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம். அப்பா லோரி ஓட்டிய காலத்திலிருந்தே அது உண்டு. இவரும் ஏற்றிக்கொள்ளத்தான் செய்தார், ஆனால் நிறுத்துவதில்லை. பக்கத்து வீட்டு நவமணி அக்கா இரண்டு கையிலும் பையோடு கூடவே ஓடி வந்த நாளில் நானும் உள்ளே இருந்தேன். "ஏறுங்கக்கா, நிறுத்துனா டீசல் போயிரும்" என்றார் இவர். "என் மூச்சு போனா பரவால்லயா தம்பி" என்றார் அக்கா. அதன்பிறகு லயத்து வீடுகளில் இருக்கும் ஆட்கள் எங்கள் வண்டியைப் பார்த்தால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

அப்பா ஒருவருக்குத்தான் இந்தக் கூத்து பிடித்திருந்தது. மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் முன்சீட்டில் உட்கார்ந்து, செம்பனை மர வரிசைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போவார். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால், "அடிக்கட்டும் மருமவனே, எனக்கு ஒன்னும் அவசரமில்ல" என்பார். பிள்ளைகள் நம் இரண்டு பேருக்கும் எப்போதும் ஏதோ அவசரம் இருந்தது. கடைசி மாதங்களில் அப்பாவோடு அதிகம் பேசியவர் இவர்தான். இதை நான் பொறாமையோடு எழுதவில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

இனி அந்த நாள். அப்பாவைத் தன் வண்டியில்தான் எடுத்துப் போக வேண்டும் என்று இவர் நின்றார். நீங்களும் சரி என்றீர்கள். பூ அலங்காரம் கட்ட வந்தவரிடம் இவர் போய், "மேல கொஞ்சம் சாய்வா கட்டுங்க, காத்து வழுக்கிட்டுப் போகணும்" என்றதும், "ஏண்ணே, பெரியவரு பறக்கவா போறாரு" என்று அவர் கேட்டதும் உங்கள் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று பேசாமல் இருந்தேன்.

அப்பா லோரி ஓட்டிய தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போவது என்று முடிவானது. முன்னால் உறுமி மேளம், அடுத்து வண்டி, அதை ஒட்டிக் கையில் கொள்ளிச்சட்டியோடு நீங்கள். முச்சந்திக்கு முச்சந்தி வண்டி நின்றது. நின்ற இடத்திலெல்லாம் இவர் எஞ்சினை அணைத்தார். மறுபடி எடுக்கும்போதெல்லாம் வண்டி குலுங்கி, புகை உங்கள் முகத்தில் அடித்தது. தோட்ட ஆபீஸ் மேட்டில் நீங்கள் பொறுமை இழந்து சன்னல் பக்கம் போய், "அணைச்சு அணைச்சு எடுக்காதீங்க மாப்ள, எங்கயும் நிக்காம ஒரே சீரா போங்க" என்றீர்கள். துக்கத்தில் நீங்கள் இதை மறந்திருக்கலாம். நான் பக்கத்தில் நின்றேன்.

ஒரே சீராகப் போனார்.

பெண்கள் அந்த மேட்டோடு நின்றுவிடுவது வழக்கமாதலால், இறக்கம் முழுவதையும் எங்களால் பார்க்க முடிந்தது. பார்க்காமல் இருந்திருக்கலாம். இறக்கத்தில் வண்டி தானாக உருளும்போது அதைத் தடுப்பது பாவம் என்பது இவர் படித்த பாடம். முதலில் மேளக்காரர்கள் வேகமாக நடந்தார்கள், பிறகு ஓடினார்கள், பிறகு உறுமியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினார்கள். நீங்கள் கொஞ்ச தூரம் சட்டியோடு ஓடினீர்கள். "மாப்ள, மாப்ள" என்ற உங்கள் குரல் மேட்டுக்குக் கேட்டது. வண்டிக்குள் கேட்கவில்லை. கீழே பெரிய ரோட்டில் டிராஃபிக் லைட் பச்சையாக இருந்தது. பச்சையை வீணாக்கக் கூடாது. அப்பா கடந்து போனார். நீங்கள் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு. மேலெல்லாம் சாம்பலோடு, கையில் நெருப்போடு, ஒரு செம்பனை லோரிக்குப் பக்கத்தில் நீங்கள் பச்சைக்காகக் காத்து நின்றதை அம்மாவும் பார்த்தார். லோரிக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். லயத்து வாசு தன் மோட்டார்சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். பெற்ற தகப்பனை வழியனுப்ப, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, ஒரு கையில் கொள்ளிச்சட்டியும் மறு கையில் வாசுவின் சட்டையுமாக நீங்கள் போனீர்கள். உங்கள் கோபம் நியாயமில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அம்மா அன்று முதல் மாப்பிள்ளையிடம் பேசுவதில்லை.

ஆனால் நீங்கள் வந்து சேர்வதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. நேற்று அம்மா இருக்கும்போதே இவரிடம் கேட்டேன், கண்ணாடியில் பார்க்கவில்லையா என்று. "பூ மறைச்சிருச்சு" என்றார். மேளச் சத்தம் நின்றது கூடவா தெரியவில்லை என்றேன். "எனக்கு அப்ப ஒன்னுமே கேக்கல புனிதா. மாமா முன்சீட்டுல இல்லியேன்னுதான் இருந்துச்சு. மச்சான் சொன்னாருல்ல, தூரத்துல பாருன்னு. தூரத்துலயே பாத்துக்கிட்டுப் போயிட்டேன்" என்றார். சுடுகாட்டில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்த்தபோது பின்னால் ஒருவரும் இல்லையாம். திரும்பி வந்து உங்களைக் கூட்டிப் போகலாம் என்று நினைத்தாராம். வந்த வழியே பிணத்தைத் திருப்பக் கூடாது என்று பயமாம். விட்டுவிட்டு ஓடி வரலாம் என்றால், "மாமாவ தனியாவா விடுறது" என்றார். அதனால் பின்னால் ஏறி, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் வரும் வரைக்கும் அன்றைய தேங்காய் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். அப்பா தினமும் கேட்பதாம் அது. அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு தட்டில் சோறு போட்டு அடுப்படி மேடையில் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை.

ஸ்பேர் டயர் வண்டிக்குத் திரும்பிவிட்டது. பித்தளைப் பிள்ளையாரும் திரும்பிவிட்டார். இனி டீசல் மிச்சம் என்ற பேச்சையே எடுப்பதில்லை என்று இவர் அம்மாவின் காலைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். நான் எளிதில் நம்புகிறவள் அல்ல. இருந்தாலும் இந்த முறை நம்புகிறேன். இந்தக் கடிதத்தை இவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப் போகிறேன். உங்களிடம் நேரில் மன்னிப்புக் கேட்க இவருக்கு வாய் வராது. இதைக் கொண்டுபோய்ப் போடுவதை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்று போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் உங்களுக்குக் கிடைத்துவிடும். நிதானமாக யோசித்து ஞாயிறு காலை வந்தால் போதும்.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்லவும். அப்பாவின் ஆசி நம் எல்லாருக்கும் இருக்கும் என்று எழுத வேண்டிய இடம் இது. இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அவருக்குத்தான் ஒன்றும் அவசரமில்லையே.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
புனிதவதி

பின்குறிப்பு: இன்று சனிக்கிழமை. தேங்காய்க் கணக்குப் பார்க்க வண்டியைத் திறந்தேன். இந்தக் கடிதம் பித்தளைப் பிள்ளையாருக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. கேட்டதற்கு, "போஸ்டாபீசுக்குன்னு தனியா ஒரு ட்ரிப் எதுக்கு புனிதா? நாளைக்குப் பண்டாரத்தக் கூட்டியாரப் போறப்ப சேத்துப் போட்டுடலாம்ல" என்கிறார். நாளைக் காரியத்துக்கான அழைப்பை நாளை தபாலில் போடுவதில் உள்ள பிழை இவருக்கு இன்னும் புலப்படவில்லை. விளக்க எனக்குப் பொறுமையும் இல்லை. சாவியை வாங்கிக்கொண்டேன். இதுவரை பிக்கப் ஓட்டியதில்லை என்பதால், பெஸ்தாரி ஜெயா வழியாக ராவாங் வருகிற வழியில் தேவையான இடத்திலும் தேவையில்லாத இடத்திலும் பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் உங்கள் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஆனால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்சீட்டில் அம்மா. ஏர்கோன் முழுதாகப் போட்டிருக்கிறேன். இந்தக் கடைசி வரிகளை உங்கள் வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டீரிங்கின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து குலுங்கியிருந்தால் காரணம் அதுதான். கடிதத்தை உங்கள் கேட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு ஹாரன் அடிக்கப் போகிறேன். நீங்கள் படித்து முடித்து, சட்டை மாற்றிக்கொண்டு வெளியே வருகிற வரைக்கும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அணைக்கச் சொல்லி இவர் இதுவரை கேட்கவில்லை.