மூடியை முதலில் யோசித்தவர்

"முதல்ல யோசிச்சது யாரோ, அவருக்குத்தான் காப்புரிமை. நீங்க எப்ப யோசிச்சீங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். பால் பொங்கப்போகும் நேரத்தில் அடுப்பைத் தானே அணைத்துவிடும் மூடி அது. பக்கத்து நாற்காலியில் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, அதே மூடிக்குத் தானும் விண்ணப்பம் போட்டுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"போன வருஷம் மழைக்காலத்துல சார். பால் பொங்கி வழிஞ்சுது. அப்பத்தான் தோணுச்சு."

"நான் அதுக்கு முந்தின வெயில்லயே யோசிச்சிட்டேன்" என்றான் மச்சான்.

மெக்கானிக் விடுவாரா? "நான் சொன்னது இந்த மழை இல்ல சார். கல்யாணமான புதுசுல பெஞ்ச மழை. என் வீட்டம்மாவே சாட்சி."

வீட்டம்மா எழுந்து தம்பியைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"பால் பொங்கினது வாஸ்தவம். ஆனா இவர் மூடியைப் பத்தி ஒண்ணும் பேசல. பக்கத்துலயே நின்னு என்ன பண்ணிட்டிருந்தேன்னு என்னைத்தான் பேசினார். அடுப்பைத் துடைச்சதும் நான்தான்."

மச்சான் அக்காவுக்குப் பரிவோடு தண்ணீர் நீட்டினான்.

மெக்கானிக் தன் பட்டறையைப் பூட்டிவிட்டு இந்த மூடியோடுதான் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார். இதுவும் போனால் அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

"கல்யாணத்துக்கும் முன்னாடியே யோசிச்சிட்டேன் சார். அடுப்புக் கம்பெனியில வேலை பார்த்தப்போ, மதியம் முழுக்க இதே யோசனைதான். எங்க பழைய மேனேஜரைக் கேளுங்க."

அடுத்த விசாரணைக்கு மேனேஜரைத் தானே வண்டி வைத்து அழைத்துவந்தார். வழியெல்லாம் ஏக உபசாரம்.

"மதியத்துல இவர் மேஜை மேல கவுந்து கிடப்பார். தூங்குறார்னு திட்டியிருக்கேன்" என்றார் மேனேஜர்.

மச்சான் சிரித்தேவிட்டான்.

"தூங்கல சார். மூடியோட ஸ்பிரிங் வரைக்கும் அங்கேயே யோசிச்சு முடிச்சிட்டேன்."

"நிஜமாவா?" என்றார் மேனேஜர்.

"என் பிள்ளைங்க மேல சத்தியமா."

ஸ்பிரிங்கை எப்படி மடக்கினார் என்பதைக்கூட வரைந்து காட்டினார். அதிகாரி அதை வாங்கிப் பார்த்தார். "சரி, முதல்ல யோசிச்சது இவர்தான்."

மச்சானின் முகம் தொங்கிப்போனது. மெக்கானிக் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

மேனேஜர் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு அதிகாரியின் பக்கம் திரும்பினார். "அப்படின்னா மூடி எங்க கம்பெனிக்குத்தான் சார் சொந்தம். ஆபீஸ் நேரத்துல தூங்கல, வேலைதான் பார்த்தேன்னு இவரே சத்தியம் பண்ணிட்டாரே."