மூக்கு அண்ணாச்சியின் கடைசி பாட்டில்

தூத்துக்குடியில் ஒயினைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்கு வாசனை தெரியாது.

பிறவிக் குறை அல்ல. கப்பலில் சமையல் பொறுப்பில் இருந்தவர். டீயை முகர்ந்து பார்க்காமல் குடித்ததில்லை, ஆட்டோவை முகர்ந்து பார்க்காமல் ஏறியதில்லை. எங்கள் தெரு அவருக்கு மூக்கு அண்ணாச்சி என்று பெயர் வைத்தது அந்தக் காலத்தில். பிறகு கொரோனா வந்து, ஆளை விட்டுவிட்டு மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. பெயரை மாற்றும் நாகரிகம் தெருவுக்கு வரவில்லை.

சிலி, அர்ஜென்டினா, உருகுவே என்று சுற்றியவர், ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் சட்டம் அனுமதித்த அளவுக்கு ஒயின் கொண்டுவந்து சேர்த்திருந்தார். பெரிய கம்பெனிச் சரக்கைத் தொடமாட்டார். நாலு வரிசைத் திராட்சைக் கொடி, ஒரு கழுதை, ஒரு கிழவனோ கிழவியோ. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது அவருக்கு ஒயின் இல்லை. ஓய்வு பெற்றபின் நிதானமாகக் குடிக்கலாம் என்று வைத்திருந்தார். ஓய்வு வந்தது, மூக்கு போனது.

“எனக்கு இப்ப எல்லாம் புளித்தண்ணிதாம்ல. நீங்க மோந்து சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்” என்று என்னையும் அந்தோணியையும் நியமித்தார். அந்தோணி துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட். நான் பத்திரிகைக்காரன். எங்கள் தகுதி, இருவருக்கும் சளி இல்லை என்பது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் வீட்டு முன்னறையில் கூட்டம். முதல் பாட்டில் அர்ஜென்டினாவில் ஒரு விதவை தனியாளாகத் தோட்டம் போட்டுச் செய்தது.

“என்னல வாட வருது?”

அந்தோணி கண்ணை மூடி இழுத்தான். “ஈரச் சாக்கு, அண்ணாச்சி.”

“சாக்கா? அந்தப் பொம்பள ஒவ்வொரு குலையா கையால பறிச்சதுல!”

“குடோன் ஒழுகுன அன்னைக்கு இதே வாடதான் அண்ணாச்சி அடிச்சிச்சு.”

எனக்கு அச்சு மை வாசனை வந்தது. சொன்னேன்.

“உங்க மூக்கு ரெண்டும் சம்பளம் வாங்குற எடத்த விட்டு வெளியவே வராதால?”

அவர் எதிர்பார்த்தது செர்ரி. நாங்கள் அறிந்த செர்ரி, பேக்கரி கேக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் சிவப்புச் சர்க்கரைக் கட்டி. அதற்கு வாசனையே கிடையாது.

அடுத்த கூட்டத்தில் உருகுவே. ஒரு வாய் குடித்த அந்தோணி முகத்தைச் சுளித்து, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தான். “மைனி, கொஞ்சம் சீனி கெடைக்குமா?”

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஊர் வேதக்கார வீடுகளில் ஒயின் என்றால் கிறிஸ்துமஸ் ஒயின். திராட்சைக்குச் சரிசமமாகச் சீனி போட்டு, கிராம்பு தட்டி, ஜாடியில் துணி கட்டி வைப்பது. அண்ணாச்சியின் மனைவி ஃபிலோ மைனி சீனி டப்பாவோடு வர, அவன் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கினான். அண்ணாச்சி பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

“உங்களுக்கெல்லாம் கிறிஸ்மஸ் ஒயின்தாம்ல லாயக்கு.”

“ஏன், அதுக்கு என்ன கொறச்சல்?” என்றார் மைனி. ஜாடி அவருடையது. அந்த வாரம் முழுக்க அண்ணாச்சி வீட்டில் மீன் குழம்பு இல்லை.

இப்படியே எல்லாம் தீர்ந்து, கடைசியாக ஒரு பாட்டில் நின்றது. சிலியில் ஒரு மலைக்கிராமத்துக் கிழவர், வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரவைத்துக் கொடுத்த ஒயின். இதுபோல் வாழ்க்கையில் குடித்ததில்லை என்பார் அண்ணாச்சி. எப்படி இருக்கும் என்று கேட்டால் முழிப்பார். மூக்கோடு அந்த நினைவும் போயிருந்தது.

“நீங்க சரியாச் சொல்லிட்டா எனக்குத் திரும்ப வந்துரும்ல” என்றார். அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

கார்க்கை இழுத்தார். எனக்கும் அந்தோணிக்கும் ஒரே நேரத்தில் கண் கரித்தது. காடி. சுத்தமான வினிகர். வீட்டு ஃபிரிட்ஜ் சீலா மீனுக்கு மட்டுமே என்பது மைனியின் சட்டம். பாட்டில்கள் கட்டிலுக்கடியில் தூத்துக்குடி வெயிலைக் குடித்துக்கொண்டு கிடந்தவை.

ஒயின் கொடுத்த வீட்டில் “நல்லாருக்கு” தவிர வேறு வார்த்தை பேசாதது எங்கள் ஊர் வழக்கம். அதுவரை அதை மதிக்காத அந்தோணி அன்று கடைப்பிடித்தான். “செர்ரி, அண்ணாச்சி!”

“நல்ல செர்ரி” என்றேன் நான்.

அண்ணாச்சி கண்ணை மூடிக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. “அது இல்லியேல. வேற?”

“பிளம்.”

“வேற?”

பழக்கடை முழுவதையும் சொல்லி முடித்தோம். ஒவ்வொரு பழத்துக்கும் அவர் முகம் கொஞ்சம் இறங்கியது.

“எவன்ல காடியத் தொறந்து வச்சது? அடுப்படி வரைக்கும் அடிக்கி!” என்று மைனி வந்து நின்றார்.

அந்தோணி மின்விசிறியை ஆராய்ந்தான். அண்ணாச்சி எங்களைப் பார்க்கவில்லை; பாட்டிலைப் பார்த்தார்.

“ஏளா, காடியாவா ஆயிட்டு?” என்று மைனியைக் கேட்டார்.

மைனி பாட்டிலைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். பிறகு, அவர் ஒயினை ஒருநாளும் தொடாதவர், சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு கிளாஸை எடுத்தார். முகர்ந்தார். இன்னொரு முறை, நிதானமாக.

“காடிதான். ஆனா அடியில வெறகுப் பொக இருக்கு. உடன்குடில கருப்பட்டி காய்ச்சுற எடத்துல அடிக்கும்லா, அதே பொக.”

அண்ணாச்சி நிமிர்ந்தார். “ஏளா, பொகையா?”

“ஆமாங்கேன்.”

“அடுப்பு. கதவுக்குப் பக்கத்துல பெரிய அடுப்புளா! வெளிய மழ கொட்டுது. கெழவன் என் சட்டையக் கழத்தச் சொல்லி அடுப்பு மேல காயப் போட்டான். அவன் சட்டைய எனக்குத் தந்தான், கை முட்டி வரைக்குந்தான் வந்துச்சு...” அரை மணி நேரம் நிற்காமல் பேசினார். மைனி பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டார்.

நான் அந்தக் கிளாஸை நாலு தடவை முகர்ந்தேன். காடி. “பொக எங்கன இருக்கு?” என்று அந்தோணி காதைக் கடித்தான். அவன் காலை மிதித்தேன். இல்லாததை இருக்கிறதாகச் சொல்லி மைனி யாரையும் சந்தோஷப்படுத்தியதில்லை, கல்யாணம் ஆன நாளிலிருந்து அண்ணாச்சியையும் சேர்த்து.

மிச்சக் காடி மீன் ஊறுகாய்க்குப் போனது. அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நானும் அந்தோணியும் அந்த வீட்டுக்குப் போனோம். முகர்ந்து பார்க்க எதுவும் இல்லை. மதியம் வரை உட்கார்ந்திருந்தோம்.