சிவப்புக் கப்பலுக்குப் பயந்த சங்கு அண்ணாச்சி

தூத்துக்குடி இதுவரை கண்ட பயந்தாங்கொள்ளிகளில் சங்கு அண்ணாச்சியை மிஞ்ச ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏனென்றால் அவருக்கு அடுத்த இடம் என்னுடையது. ஒரே கண்காணிப்புக் கோபுரத்தில், ஒரே பெஞ்சில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பயந்தவர்கள் நாங்கள்.

அவர் பல்லிக்குப் பயப்படுவார். பல்லி நேற்று இருந்த இடத்துக்கும் பயப்படுவார். தும்மினால் தன் தும்மலுக்கே திடுக்கிட்டு, "யாருல அது?" என்று திரும்பிப் பார்ப்பார். கடைக்காரர் சோடா உடைக்கும்போது எதிர் வரிசைக்குப் போய் நின்றுகொள்வார். நாற்பது தாண்டியும் கல்யாணம் இல்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"மாதா கோயில்ல அம்புட்டு பேரு முன்னால சாமியாரு என்னையப் பாத்து, சம்மதமான்னு கேப்பாரே தம்பி. நான் என்ன செய்வேன்?" என்றார்.

இப்படிப்பட்டவரைத்தான் சர்க்கார் எங்கள் ஊரைக் காப்பாற்ற நியமித்தது.

அமெரிக்காவில் தொழிலாளர்கள் ஆட்சியைப் பிடித்ததை இன்றைய பிள்ளைகள் சரித்திரப் பாடமாகப் படித்து மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் எங்களுக்கு அது தூக்கத்தைக் கெடுத்த செய்தி. வாஷிங்டனில் செங்கொடி ஏறியது. அதுவரை ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருந்த ஐரோப்பிய ராஜாக்களும் மந்திரிகளும் பயத்தில் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள். மணிலாவில் நின்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் ஒரே நாளில் கொடியை மாற்றிக்கொண்டன. மணிலாவிலிருந்து கொழும்பு எத்தனை நாள், கொழும்பிலிருந்து நம் ஊர் எத்தனை நாள் என்று காபிக் கடைகளில் விரல் மடக்கிக் கணக்குப் போட்டார்கள்.

"வரட்டுமே, வந்தா வெள்ளைக்காரன் ஓடுவாம்லா" என்று சிலர் மெதுவாகச் சொன்னார்கள். அவர்களில் இரண்டு பேரைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனது. அதன் பிறகு மெதுவாகக்கூட யாரும் சொல்லவில்லை. வீட்டில் அமெரிக்கக் கடிகாரம் வைத்திருந்தவர்கள் அதைக் கிணற்றில் போட்டார்கள். மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வகுப்பில் உலகப் படத்தைச் சுருட்டிக் கட்டி, அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லாதது போலப் பாடம் நடத்தினார்.

முதல் அடி விழுந்தது முத்துக்குளிப்பில். எங்கள் கடலில் எடுத்த முத்து கை மாறிக் கை மாறிக் கடைசியில் அமெரிக்கச் சீமாட்டிகளின் கழுத்துக்குத்தான் போகும். இப்போது அந்தச் சீமாட்டிகள் ஆலையில் நூல் நூற்கிறார்கள் என்று கேள்வி. முத்துக்கு விலை இல்லை, சர்க்கார் முத்துக்குளி முகாமை மூடிவிட்டது. அந்த முகாமில், விடியற்காலையில் தோணிகள் புறப்பட வெடி போடுவதுதான் அண்ணாச்சியின் வேலை. திரியில் தீயை வைத்துவிட்டு அவர் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தே தோணிகள் கிளம்பிவிடுமாம். வெடிச் சத்தம் பிறகு சாவகாசமாகக் கேட்குமாம்.

வேலை போனவருக்குத் துறைமுகத்தில் இன்னொரு வேலை கொடுத்தார்கள். கடற்கரையில் புதிதாக ஒரு கண்காணிப்புக் கோபுரம் கட்டி, உச்சியில் கையால் சுற்றும் சைரன் ஒன்றை வைத்திருந்தார்கள். மில்லில் ஊதுவதைப் போல அதையும் ஊரார் சங்கு என்றார்கள். அதைச் சுற்றியவர் சங்கு அண்ணாச்சி ஆனார். நான் அங்கே டெலிபோன் குமாஸ்தா. செங்கொடிக் கப்பல் தெரிந்தால் அவர் சங்கைச் சுற்ற வேண்டும், நான் பீரங்கி மேட்டுக்குப் போன் செய்ய வேண்டும். பீரங்கி உடனே சுடும். யார், எவர் என்று கேட்காது. "கேள்வி கேட்பது உங்கள் வேலை அல்ல" என்று அங்கே அதிகாரியாக இருந்த காப்டன் துரை முதல் நாளே சொல்லிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த வாரமே அண்ணாச்சி ஊதினார். ஊர் கதவைச் சாத்திக்கொண்டு பனங்காட்டுக்கு ஓடியது. வந்தது கொழும்பிலிருந்து திரும்பிய சரக்குத் தோணி. பாய்க்குப் புதிதாகக் காவிச் சாயம் ஏற்றியிருந்தார்கள். நல்லவேளை, முதல் குண்டு தோணியைத் தாண்டி விழுந்தது. தோணியை ஓட்டிவந்த தண்டையல் கரையேறியதும் நேரே கோபுரத்துக்கு வந்து, அண்ணாச்சியைக் கீழே இறங்கச் சொன்னார். அண்ணாச்சி மறுநாள் வரை இறங்கவில்லை.

அடுத்தது நீர்மூழ்கிக் கப்பல். "மூச்சு விடுது தம்பி, மூச்சு விடுது" என்று கத்திக்கொண்டே சுற்றினார். அது ஒரு திமிங்கிலம். பீரங்கி கடலைக் கலக்கியதில் திமிங்கிலம் தப்பிவிட்டது, மீன்கள்தான் செத்து மிதந்தன. திரேஸ்புரத்து மீனவர்களின் வள்ளங்கள் எல்லாம் போய் அள்ளிக்கொண்டு வந்தன. மறுநாள் காலையில் நாலு மீனவர்கள் கோபுரத்தடியில் வந்து நின்று, "அண்ணாச்சி, சௌகரியப்பட்டா இன்னைக்கும் ஒரு ஊது ஊதுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் சூரியனைப் பார்த்தும் ஊதினார். மேகத்துக்குப் பின்னாலிருந்து பாதி சிவப்பாக எட்டிப் பார்த்ததாம்.

"அண்ணாச்சி, அது தினமும் வாரதுதானே?" என்றேன்.

"தினமும் வரும். இன்னைக்கு வந்த தோரணை சரியில்ல" என்றார்.

இதில் அதிகம் பாடுபட்டவர் துறைமுகத் தெருவில் அரிசிக் கடை வைத்திருந்த இன்னொரு அண்ணாச்சி. அவர் கடைக்கு இரண்டு பலகை வைத்திருந்தார். ஒன்றில் சக்கரவர்த்தி படம். மற்றொன்று சிவப்பு, அதில் 'தொழிலாளர் அரிசிக் கடை' என்று எழுதியிருக்கும். சங்கு ஊதியதும் ராஜாவை உள்ளே வைத்துவிட்டுச் சிவப்பை மாட்டுவார். வந்தது தோணி என்று தெரிந்ததும் சிவப்பை உள்ளே வைத்து ராஜாவை மாட்டுவார். "ஏலே சங்கு, ஒன்னால எனக்குத் தோள்பட்டை போச்சுல" என்று தெருவில் நின்று ஏசுவார்.

சிரித்தோம்தான். ஆனால் ஒவ்வொரு முறை சங்கு கேட்டபோதும் ஊரே ஓடியது. இந்த முறை நிஜமாக இருந்தால் என்ன செய்வது என்ற பயம் யாரையும் விடவில்லை. எனக்கு டெலிபோனைத் தொட்டாலே உள்ளங்கை வேர்க்கும்.

கடற்கரைத் தெருக்களில் இன்னொரு பயமும் இருந்தது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. திரேஸ்புரத்திலிருந்தும் மணப்பாட்டிலிருந்தும் பல பேர் கப்பலில் நிலக்கரி தள்ளவும் சமைக்கவும் போயிருந்தார்கள். புரட்சி நடந்தபோது அமெரிக்கத் துறைமுகங்களில் நின்றவர்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் செங்கொடிக்காரர்களாகிவிட்டார்கள், திரும்ப விடக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு. அந்த வீட்டுப் பெண்கள் சர்க்காருக்குப் பயந்து புருஷன் பெயரைச் சொல்லி அழக்கூட மாட்டார்கள். கோயிலில் மாதா முன்னால் உதடு மட்டும் அசையும்.

காற்று விழுந்துவிட்ட ஒரு பிற்பகல். முயல் தீவுக்கு அந்தப் பக்கம் புகை தெரிந்தது. பீரங்கி மேட்டிலிருந்து பார்த்தால் தீவு மறைக்கும். கோபுரத்துக்கு மட்டும்தான் தெரியும். அண்ணாச்சி தூரக்கண்ணாடியை எடுத்தார். வழக்கமாகக் கண்ணாடி கண்ணுக்குப் போகும் முன்பே அவர் கை சங்குக்குப் போய்விடும். அன்று போகவில்லை.

"என்ன அண்ணாச்சி?" என்றேன்.

கண்ணாடியை என்னிடம் நீட்டினார். பெரிய கப்பல். அதன் உச்சியில் செங்கொடி. இந்த முறை சூரியனும் இல்லை, காவிப் பாயும் இல்லை.

"சங்கைச் சுத்துங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"கொடிக்குக் கீழ பாரு தம்பி."

கொடிக்குக் கீழே, கப்பலின் குறுக்கே கயிறு கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். கட்டம் போட்ட லுங்கிகள், எங்கள் பேச்சில் சாரங்கள். வரிசையாக ஏழெட்டு.

"அமெரிக்காக்காரன் சாரம் கட்டுவானா?" என்றார். "அங்கன ஒருத்தன் குத்த வச்சு தேங்கா துருவுதான், பாரு. அது நம்ம ஆளுவ தம்பி. நம்ம ஊரு ஆளுவ."

"வேசமா இருந்தா?"

"இருக்கும். எனக்கும் அப்படித்தான் தோணுது. மாதாவே, எனக்கு ஒன்னுக்கு வருது."

நான் சங்கை நோக்கி எழுந்தேன். அவர் ஊதாவிட்டால் நான் ஊத வேண்டும் என்பது உத்தரவு. ஊதாமல் இருந்தால் துரையின் துப்பாக்கிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். நான் ஓர் எட்டு எடுத்து வைப்பதற்குள் அண்ணாச்சி கைப்பிடியைச் சங்கிலிருந்து உருவிவிட்டார். அது அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து, படியில் உருண்டு, நங்கு நங்கென்று கீழே போய்க் கடற்கரைப் பாறைகளுக்கு நடுவே தண்ணீரில் விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவர் பயந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போன்ல கை வைக்காத தம்பி. ஒன் காலுல விழுதேன்."

வைக்கவில்லை. அவர் சொன்னதாலா, அவர் பிடித்திருந்த கையை என்னால் அசைக்க முடியாததாலா என்று இன்றும் எனக்குத் தெரியாது. இருவரும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்துகொண்டு பார்த்தோம். கப்பல் நின்றது. மூன்று படகுகள் இறங்கின. ஆட்கள் சாரங்களை அவிழ்த்து எடுத்துக்கொண்டு படகில் ஏறினார்கள். கடைசி ஆள் இறங்கியதும் கப்பல் திரும்பி, வந்த வழியே போய்விட்டது.

படகுகள் திரேஸ்புரம் கரையை நோக்கி வந்தன. கரையில் கூட்டம் கையில் கிடைத்த துடுப்பையும் அரிவாளையும் எடுத்துக்கொண்டு நின்றது. முதல் படகில் எலும்பும் தோலுமாக இருந்த ஒருவர் தண்ணீரில் குதித்து, தள்ளாடி நடந்து வந்து, அரிவாளோடு நின்ற ஒரு பெண்ணின் எதிரே நின்றார்.

"ஏளா, என்னையத் தெரியலையா?" என்றார்.

அவள் அரிவாளைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். அதன் பிறகு திரேஸ்புரத்தில் எழுந்த அழுகை கோபுரம் வரை கேட்டது. அமெரிக்காவில் மாட்டிக்கொண்டவர்களை ஊரில் இறக்கிவிட வந்த கப்பலை, போன துறைமுகத்திலெல்லாம் சுட்டார்களாம். இங்கேயும் சுடுவார்கள் என்று கப்பலிலேயே ஜெபம் சொல்லிவிட்டுத்தான் படகில் ஏறினார்களாம்.

காப்டன் துரை மறுநாள் காலை கோபுரத்துக்கு வந்தார். இடுப்பில் துப்பாக்கி. எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் மொழிபெயர்க்கும் வேலையும் என் தலையில் விழுந்தது. ஏன் ஊதவில்லை என்று கேட்டார்.

"பயந்துட்டேன் தொரை. கையும் ஓடல, காலும் ஓடல" என்றார் அண்ணாச்சி.

கைப்பிடி எங்கே?

"பயத்துல கழண்டு வந்துட்டு."

டெலிபோன்?

"இந்தப் பையன் எடுக்கத்தான் போனான். நான் பயத்துல அவன் கையைப் பிடிச்சுத் தொங்கிட்டேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் மொழிபெயர்த்தேன். துரை நம்பவில்லை. தெருவிலிருந்து சாட்சிகளை வரவழைத்தார். ஒற்றுமையாக ஒரு காரியமும் செய்து அறியாத எங்கள் தெரு அன்று வரிசையில் நின்று சத்தியம் செய்தது. தண்டையல், அண்ணாச்சி மறுநாள் வரை இறங்காத கதையைச் சொன்னார். சோடாக் கடைக்காரர் வந்தார். அரிசிக் கடை அண்ணாச்சி நெஞ்சில் கை வைத்து, "தொரை, கோழி கூவுனா கட்டிலுக்கு அடியில போற ஆளு இவன். இவனையப் போயி ஒரு ஆளா மதிச்சு வேல குடுத்தீங்களே" என்று துரையையே கண்டித்தார்.

துரை அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். சூரியனுக்கு ஊதிய நாள் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சில நாள் லாக்கப்பில் வைத்துவிட்டு, கோழை என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார். கரையேறியவர்களை ஒரு முகாமில் அடைத்து விசாரித்தார்கள். அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒன்றும் இல்லை, சோறு போடவும் சர்க்காருக்கு மனமில்லை. ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அண்ணாச்சி லாக்கப்பிலிருந்து வந்த அன்று நான் தனியாகக் கேட்டேன்.

"உண்மையில அன்னைக்குப் பயப்படலையா அண்ணாச்சி?"

"என்ன தம்பி இப்படிக் கேக்க? ஊதினா அவங்க செத்துருவாங்களேன்னு பயந்தேன். ஊதாட்டா நான் செத்துருவேனேன்னு பயந்தேன். மொதப் பயம் ஒரு நூலு பெரிசா இருந்துட்டு. நான் என்ன செய்ய?"

திரேஸ்புரத்துப் பெண்கள் சேர்ந்து அவருக்கு ஓலை வேய்ந்து ஒரு காபிக் கடை போட்டுக் கொடுத்தார்கள். அடுப்பில் பால் பொங்கினால் பயந்து நாலடி தள்ளிப் போய் நிற்பார். அதனால் அவர் கடையில் பால் எப்போதும் தீய்ந்த வாசனை அடிக்கும். டிக்காஷனோ, கேட்கவே வேண்டாம். அவர் இருந்த வரைக்கும் நான் வேறு கடையில் காபி குடித்ததில்லை.