கால் இல்லாமல் போன சோபா

"சோபாவுக்குக் கால் எங்கய்யா?" என்று பல் டாக்டர் போனில் போட்ட சத்தம் சோபா பழுதுபார்க்கும் அந்தப் பட்டறை முழுவதும் கேட்டது.

முதலாளி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். அப்போதுதான் கைப்பையோடு வாசலில் வந்து நின்ற புது மேலாளரைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா! முதல்ல இதைப் பாருங்க!"

முதல் நாள். உட்காரக்கூட இல்லை. ஆனாலும் அசரவில்லை அவள்.

சுவரில் ஒரு பலகை. 'வந்தது', 'நடக்குது', 'முடிஞ்சது' என்று மூன்று கட்டங்கள். வேலைச் சீட்டுகளெல்லாம் நடுக்கட்டத்தில் ஈ மாதிரி மொய்த்துக் கிடந்தன.

"அவங்கவங்க வேலை முடிஞ்சதும் சீட்டை நகர்த்துங்க" என்றாள்.

தையல் அக்கா உறையைத் தைத்து முடித்தாள், சீட்டை 'முடிஞ்சது' கட்டத்துக்கு நகர்த்தினாள். வண்டிக்காரர் உறையை மட்டும் கொண்டுபோய் வக்கீல் வீட்டில் இறக்கிவிட்டார். இப்போது வக்கீலும் போனில் கத்தினார்.

சரி, ஆளுக்கொரு நிறம் என்றாள். மஞ்சள் சீட்டு தீர்ந்ததும் அக்கா பச்சையில் எழுதி ஒட்ட, பச்சைக்குச் சொந்தக்காரரான தச்சர் ஊசியும் நூலுமாக முழித்துக்கொண்டு நின்றார்.

"சாயங்காலத்துக்குள்ள கால் வரலன்னா இனிமே உங்க சகவாசமே வேணாம்" என்றார் மறுபடி போனில் வந்த டாக்டர்.

அவள் சீட்டுகளை மொத்தமாகப் பிய்த்தாள். "வேலை எந்த வழியா போகுதுன்னே தெரியாம ஒட்டிட்டோம். என் தப்பு."

சாக்பீஸோடு தரையில் மண்டியிட்டாள். கிழிந்த சோபா ஒன்றைத் தள்ளிக்கொண்டே ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கோடு போட்டாள்.

"பழைய துணியைக் கழட்டினாதான் நான் மரச்சட்டத்தைத் தொடுவேன்" என்றார் தச்சர்.

"நீங்க சட்டத்தை முடிச்சு அளவு தருவீங்கன்னுல்ல நான் உக்காந்திருக்கேன்!" என்றாள் அக்கா.

"அப்ப துணியை யார் கழட்டறது?" என்று சாக்பீஸோடு நிமிர்ந்தாள் அவள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கால் யார் மாட்டறது?"

வண்டிக்காரர் கூரையைப் பார்த்தார்.

கோடு போட்ட வரிசையிலேயே பலகையில் புதுக் கட்டங்கள் ஏறின. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள். அதன்பின் பட்டறை எண்ணெய் போட்ட சக்கரமாக ஓடியது. வக்கீலின் சோபா உறையைத் தேடிப் போய்ச் சேர்ந்தது. பொழுது சாய்வதற்குள் டாக்டரிடமிருந்து போன்: "சாஞ்சு உக்காந்துக்கிட்டுதான் பேசறேன்!"

தச்சர் கை தட்டினார். முதலாளிக்குக் கண் கலங்கியது. "உங்களை மாதிரி ஒரு ஆளை இதுவரைக்கும் பாத்ததில்லம்மா!"

அவள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு சிரித்தாள்.

மாடிப்படி இறங்கி வந்த ஒருவர் மூச்சிரைக்க உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம், இங்கயா இருக்கீங்க? உங்களை வேலைக்கு எடுத்தது மேல்மாடி ஆபீஸ்ங்க!"