பல்லி எச்சிலும் பாதித் தமாலேயும்

தூசான், டிசம்பர் 13

என் செல்லப் பேரன் எஃப்ராயினுக்குப் பாட்டி ரெஃபுகியோ எழுதுவது. குவாதலூபே மாதா புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகம். ஃபீனிக்ஸில் நீயும் சுகமாக இருப்பாய், மெலிந்த சுகம்.

நீ கோபித்துக்கொண்டு போய் நான்கு ஞாயிறு ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள்தான், ஆனால் வகுப்பிலேயே என் கையெழுத்துதான் முதல், அதனால் நடந்ததை ஒழுங்காகவே எழுதுகிறேன். அன்று நீ இரண்டு வாய் தின்றுவிட்டு, "போதும் பாட்டி, வயிறு ரொம்பிடுச்சு" என்றாய். ஒரே மூச்சில் பன்னிரண்டு சோளமாவுத் தமாலே தின்ற பிள்ளை! "உன் வயித்துல யாருடா குடியிருக்கா?" என்று கேட்டேன், நீ தட்டைத் தள்ளிவைத்தாய். பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன், மிளகாய் விழுதுக்குப் பின்னால் கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி, உள்ளே வெள்ளைப் பொடி; கையில் எடுத்தேன். "என் சாமானை எதுக்குத் தொட்டீங்க?" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனாய், குப்பியை மறந்துவிட்டு. மறுநாளே அதைக் கைக்குட்டையில் முடிந்து, உன் தங்கை யதிரா வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் போனேன். "ஆய்வுக்கு மட்டும், மனிதருக்கு அல்ல" என்று எழுதியிருப்பதைப் படித்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"பாட்டி, இது பசியை அடக்கி உடம்பை இளைக்க வைக்கிற மருந்து. டாக்டர் எழுதிக் குடுக்கிறது வேற, இது வேற. இது இன்டர்நெட்ல வாங்கின பொடி, தண்ணில கரைச்சு ஊசியா போட்டுக்கிறான். உள்ள என்ன இருக்கு, எவ்வளவு இருக்குன்னு வித்தவனுக்கே தெரியாது. அளவு தப்பினா வாந்தியெடுத்துச் சுருண்டுடுவான்."

அவளே இன்னும் சொன்னாள். இது புரதத் துணுக்குகளை ஜெபமாலை மணிபோலக் கோத்த மருந்தாம். விழுங்கினால் வயிறு மாலையை அறுத்துவிடும், அதனால்தான் ஊசி. சாப்பிட்டதும் நம் உடம்பே இப்படி ஒரு மாலை கோத்து, "போதும்" என்று மூளைக்குச் சொல்லுமாம், இரண்டு நிமிடத்தில் அது அறுந்துவிடும். ஊசி மாலை நாள்கணக்கில் அறாது. இதற்கெல்லாம் முதலில் வழிகாட்டியது நம் கள்ளிச்செடிக்கடியில் கிடக்குமே, அந்த விஷப்பல்லியின் எச்சிலாம்! அது வருஷத்துக்கு ஐந்தாறு தடவைதான் இரை எடுக்கும். நீயும் வருஷத்துக்கு ஐந்தாறு தடவைதான் வருகிறாய். எச்சில் வேலை செய்கிறது ராசா.

நேற்று மாதா திருநாளுக்குத் தமாலே வைத்தேன். பதம் பார்க்கப் போட்ட மாவு உருண்டை தண்ணீரில் அழகாக மிதந்தது, சோளத்தோலில் சுருட்டி நாலு மணி நேரம் ஆவியில் வைத்தும் பச்சை மாவாகவே இருந்தது. வீட்டில் யார் மனதிலாவது கோபம் இருந்தால் அது வேகாதென்று உனக்கே தெரியும். உன் கோபம் ஃபீனிக்ஸிலிருந்து வந்து என் அடுப்பை அணைக்கிறது. இருபத்துநாலாம் தேதி கிறிஸ்துமஸ் இரவுக்குள் அதை இறக்கிவை. அந்தப் பொடியை விட்டு டாக்டரிடம் போ. பிறகு வந்து பன்னிரண்டு தின்னு.

உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்,
ரெஃபுகியோ பாட்டி

பின்குறிப்பு: ஒன்றை மறைத்துவிட்டேன். நீ போன மறுவாரமே சர்க்கரைக்காக டாக்டர் எனக்கும் அதே ஜாதி ஊசியை எழுதிவிட்டார், புதன்தோறும் யதிராதான் போடுகிறாள். இப்போது எனக்கும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அன்று நீ பொய் சொல்லவில்லை. அடுப்பை அணைத்த கோபமும் என்னுடையதுதான். பன்னிரண்டு வேண்டாம், ஒன்றைப் பிட்டு ஆளுக்குப் பாதி. மீதி நேரம் சும்மா என் பக்கத்தில் உட்கார்ந்திரு.