கொக்குப்பாறைச் சித்தரும் சட்டைப் பொத்தானும்

என் பெயர் சல்மான் ஃபாரிஸ். வயது இருபத்து நாலு. இருப்பது ஷார்ஜாவில், பலர் தங்கும் அறையில் ஒரு மேல் கட்டில். வேலையை நிரந்தரமாக்குவார்களா, ஊருக்கு அனுப்புவார்களா என்று இந்த மாதக் கடைசியில்தான் தெரியும். அதற்குள் ஊரிலிருந்து மாமி ஒரு தாயத்து அனுப்பிவிட்டார். கட்டிக்கொண்டால் மேனேஜர் மனம் இளகுமாம். அதைப் பிரித்ததும் வாப்பாவின் சேவல்தான் நினைவுக்கு வந்தது. நான் பிறக்கும் முன்பே நடந்த கதை. அதனால் வாப்பாவை ஊரார் அழைக்கிற மாதிரி தாஜ் முகம்மது என்றே சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்று நாலாம் வருஷக் கோடை. அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, கொக்குப்பாறைத் துறைக்குப் போகிற வண்டிப்பாதையில் வேன் நிறுத்த இடமில்லை. சர்பத் கடை வந்துவிட்டது. செருப்புக்குக் காவல் வந்துவிட்டது. சித்தர் படம் விற்கிறவனும் வந்துவிட்டான். ஓர் இடம் புனிதமாகிவிட்டது என்பதற்கு நம் பக்கத்தில் வேறு அத்தாட்சி வேண்டுமா?

எல்லாம் மீன்வாக்குச் சித்தருக்காக. அவர் ஆற்றங்கரைப் பாறைமேல் உட்கார்ந்து ஒரு பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டுவார். மந்திரம் முணுமுணுப்பார். பிறகு வந்தவர் பேரைச் சொல்லித் தூண்டில் வீசப்படும். மீன் கவ்வினால் காரியம் ஜெயம். கல்யாணம் கூடும், மாற்றல் உத்தரவு வரும், பையன் பத்தாவது தேறுவான். காணிக்கை மெலிந்தவர்களுக்குத் தாம்பாளம் கிடையாது, வெறும் மந்திரம்தான். மீன் கவ்வாது. கவ்வாவிட்டால் பரிகாரம். மீனுக்குப் படிப்பறிவு இல்லை, ஆகவே அது பொய் சொல்லாது என்று ஜனங்கள் நம்பினார்கள். சித்தருக்கும் படிப்பறிவு இல்லைதான். அந்தக் கணக்கை யாரும் மேலே போடவில்லை.

இந்தக் கூட்டத்தில் ஏமாறவே கூடாத சிலரும் இருந்தார்கள். ஊர் அவர்களை ஈக்கட்சி என்று அழைத்தது.

தாஜ் முகம்மது தையல்காரர். முன்பொரு தடவை மாஞ்சோலை எஸ்டேட் பங்களாவுக்குத் திரைச்சீலை தைக்கப் போனபோது, வேலையை விட்டுப் போகிற மேனேஜர் ஒரு பழைய தூண்டிலையும், முள்ளைப் பிடித்துக்கொள்ளும் சின்னக் குறடு ஒன்றையும், ஒரு படப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டுப் போனார். அதிலிருந்து பிடித்தது பைத்தியம். தூண்டில் முள்ளின் மேல் சேவலின் கழுத்து இறகையும் பட்டு நூலையும் சுற்றி, ஈயைப் போல, தும்பியைப் போல ஒன்றைக் கட்ட வேண்டும். அதைத் தண்ணீர்மேல் பைய இறக்க வேண்டும். நிஜப் பூச்சி என்று நம்பி மீன் மேலே வந்து கவ்வும். கவ்விய மீனைத் தடவிக் கொடுத்து மறுபடி ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும்.

"விடுததுக்கு எதுக்குவே பிடிக்கணும்?" என்று டீக்கடையில் கேட்காத ஆளில்லை.

கணக்கு வாத்தியார் முத்துசுப்பிரமணியன் கட்சியில் சேர்ந்ததே அதற்காகத்தான். சுத்த சைவம். மீனைப் பிடிக்கலாம், தின்ன வேண்டாம் என்றதும் அவருக்குச் சொர்க்கம் தெரிந்தது. பெண்கள் பள்ளியில் விலங்கியல் எடுக்கும் பாகீரதி டீச்சர் மூன்றாவது ஆள். சனிக்கிழமை சாயங்காலம் தையல் கடையில் கூடுவார்கள். இறக்கை ஒரு நூல் நீளமா, ஒரு நூல் குட்டையா என்று கட்சி பிளவுபடுகிற அளவுக்குச் சண்டை போடுவார்கள். பிறகு டீ குடிப்பார்கள்.

கட்சியின் சொத்து ஒரு சேவல். பெயர் கலெக்டர். நடையைப் பார்த்து வைத்த பெயர். கழுத்து இறகு வெயிலில் செம்பு மாதிரி மின்னும். தாஜ் முகம்மதுக்கு அதைப் பிடுங்க மனம் வராது. உதிர்ந்ததைப் பொறுக்கித்தான் கட்டுவார். தினம் காலையில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் பிசைந்து தன் உள்ளங்கையில் வைத்து ஊட்டுவார்.

"எனக்கு ஒரு வாய் ஊட்டினதில்ல, கோழிக்கு மட்டும் தாங்குதீங்க" என்பாள் மனைவி சபீதா.

அந்தக் கோடையில் அணையை அடைத்துவிட்டார்கள். ஆறு பாறைகளுக்கு நடுவே ஓடையாகிவிட்டது. வாரக்கணக்கில் ஒரு மீன்கூட இவர்கள் ஈயை ஏறிட்டுப் பார்க்கவில்லை. ஈ கட்டுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மீன் விழாவிட்டால் ஆற்றைப் பார்க்கமாட்டார்கள், ஈயைத்தான் பார்ப்பார்கள். நூலை மாற்றினார்கள், இறகை மாற்றினார்கள், கண்ணாடியை மாற்றினார்கள். கடைசியில் முத்துசுப்பிரமணியன் கிரகத்தையே மாற்றிப் பார்க்கப் போனார்.

மூன்றாம் நாள் கடைக்குள் ஓடிவந்தார்.

"பாய், விழுந்துட்டுவே. முழங்கை நீளக் கெண்டை."

"எங்கன சார்வாள்?"

"கொக்குப்பாறையில. சாமி ஈக்கு உயிரேத்தித் தாராரு. என் நட்சத்திரம் கேட்டை. கேட்டைக்குப் பச்சை நூலுதான் சேருமாம். நாம இத்தனை நாளா செவப்பு நூலைச் சுத்திக்கிட்டுக் கெடந்தோம் பாத்துக்கிடும்."

"நட்சத்திரத்துக்கு நான் எங்க போவ?"

"அதைச் சாமி கண்டுபிடிச்சிருவாரு. மீனுக்கு மதம் கிடையாது பாய்."

காணிக்கைக்கும் கிடையாது. வாத்தியாரின் தூண்டில் நூல் சுற்றும் ராட்டை ஏற்கெனவே 'பூஜைக்காக' சித்தரின் குடிலுக்குள் போயிருந்தது.

தாஜ் முகம்மது போனார். சித்தர் அவர் ஈயைக் கையில் வாங்கி, முகர்ந்து, முகத்தைச் சுளித்தார்.

"அப்பனே, இது செத்த ஈ. இறகு தந்த கோழி உசுரோட இருக்கா?"

"இருக்கு சாமி. நல்லா இருக்கு."

"அதான் தோஷம். உசுரு கோழிகிட்ட இருக்கையில, வெறும் இறகு மட்டும் முள்ளுல வந்தா ஈக்கு உசுரு எங்கேருந்து வரும்? அமாவாசை அன்னிக்குக் கோழியைக் கொண்டா. உசுரை எடுத்து ஈக்கு மாத்தித் தாரேன். அப்பறம் உங்க கூட்டம் கட்டுத ஈயெல்லாம் ஜென்மத்துக்கும் பேசும்."

உயிர் ஈக்குப் போன பிறகு கோழியின் உடம்பு எங்கே போகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. குடிலுக்குப் பின்னால் அம்மியில் மிளகு மட்டும் தயாராக இருந்தது.

நம்பிக்கைக்காக அன்று தற்காலிகமாக உயிரேற்றிக் கொடுத்தார். தாம்பாளம் தட்டினார், மந்திரம் சொன்னார். தாஜ் முகம்மது வீசினார். மீன் பாய்ந்து கவ்வியது. முள்ளைக் கழற்றும்போது அது அவர் உள்ளங்கையில் பழுப்பாக ஏதோ கக்கியது.

"மீன் பிரசாதம்" என்றார் சித்தர், கொஞ்சம் அவசரமாக. "பொத்தி வையி. யாருக்கும் காட்டாத."

தாஜ் முகம்மது அதைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனார். சேவலைக் கொடுக்கப்போகிற விஷயத்தைச் சொன்னார்.

சபீதா முறத்தைக் கீழே வைத்தாள். "மீனை உசுரோட விடுத ஆளு, வளத்த கோழியைக் கொல்லக் குடுக்கப் போறீகளாக்கும்."

"கொல்லலட்டி. உசுரு எடம் மாறுது."

"அப்ப அந்தச் சாமி உசுரை மாத்திக் காட்டச் சொல்லுங்க முதல்ல."

அவர் கைக்குட்டையை அவிழ்த்தார். பிரசாதத்தைக் காட்டினாலாவது நம்புவாள் என்று நினைப்பு. உள்ளங்கையை நீட்டியதுதான் தாமதம், கலெக்டர் முற்றத்திலிருந்து ஒரே எட்டில் வந்து கொத்தித் தின்னத் தொடங்கியது. தினசரி காலை எப்படித் தின்னுமோ அப்படி. துளி பக்தி இல்லை.

தாஜ் முகம்மது மிச்சத்தை முகர்ந்தார். தவிடு. கடலைப் புண்ணாக்கு. சித்தர் பேச்சைக் கேட்டு மூக்கையும் அடகு வைத்திருந்தார் போலிருக்கிறது. அன்றுதான் அதைத் திருப்பி வாங்கினார்.

அப்படியே பாகீரதி வீட்டுக்கு நடந்தார்.

"டீச்சர், மீன் புண்ணாக்குத் திங்குமா?"

"குடுத்தா திங்கும்."

"யாரு குடுப்பா?"

பாகீரதி கைக்குட்டையை வாங்கிப் பார்த்தார். "பாய், அமாவாசைக்குக் கோழியைக் கொண்டு வாங்க. உங்க கடையிலேருந்து சட்டைப் பொத்தான் ஒண்ணும் கொண்டு வாங்க."

"கோழி எதுக்கு டீச்சர்? அதை என்னால குடுக்க முடியாது."

"நீங்க கொண்டு வரலன்னா தோஷம் உங்க மேலன்னு சொல்லிட்டு அவரு தப்பிச்சிருவாரு."

அமாவாசை காலை. கோழியின் உயிர் ஈக்குள் போவதைப் பார்க்கத் தென்காசியிலிருந்தெல்லாம் ஆள் வந்திருந்தது. தாஜ் முகம்மது கலெக்டரைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டு நின்றார். அவருடைய நெஞ்சு அடித்ததா, சேவலின் நெஞ்சு அடித்ததா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சித்தர் கையை நீட்டினார். முத்துசுப்பிரமணியன் பின்னாலிருந்து இடித்தார். "குடும்வே. ஊரே பாத்துக்கிட்டு நிக்கி."

பாகீரதி முன்னால் வந்தார்.

"சாமி, ஒரு சந்தேகம். தாம்பாளம் தட்டாம மந்திரம் மட்டும் சொல்லுங்க. நீங்க உயிரேத்தின ஈயைச் சார்வாள் வீசட்டும்."

"தாம்பாளம் இல்லாம மந்திரம் பலிக்காது தாயி."

"சரி. அப்ப தாம்பாளம் மட்டும் தட்டுங்க. மந்திரம் வேண்டாம்."

சித்தர் வானத்தைப் பார்த்தார். அங்கே பதில் இருந்தது. "இன்னைக்கு அமாவாசை. மீனெல்லாம் விரதம்."

கூட்டம் தலையாட்டியது. ஓர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் ஒருநாளும் இருக்காத விரதத்தை மீன் இருக்கிறதே என்ற நெகிழ்ச்சி.

"விரதம்னா ரொம்ப நல்லது. நான் தட்டினாலும் வராதுல்லா?" என்று பாகீரதி கரண்டியை எடுத்துவிட்டார். தன் தூண்டிலை உயர்த்திக் காட்டினார். முள்ளில் இறகில்லை. பச்சை நூலில்லை. வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று தொங்கியது. "இதுக்கு மந்திரமும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது. பாய் கடைப் பொத்தான்."

தட்டினார். டணார் டணார் என்று ஆறு முழுக்கக் கேட்டது. பாறைக்குக் கீழே தண்ணீர் கருத்தது, பிறகு கொதித்தது. முதுகு முதுகாகக் கெண்டைகள். அவர் வீசிய பொத்தான் தண்ணீரைத் தொடும் முன்பே ஒன்று எம்பிக் கவ்விக்கொண்டு போயிற்று. கம்பு வில்லாய் வளைந்தது.

"விரதம் முடிஞ்சிட்டு போலிருக்கே சாமி" என்றார் பாகீரதி.

சித்தர் எழுந்தார். "தீட்டு. தீட்டுப் பட்டுட்டு. முதல்ல அந்தக் கோழியைத் தாலே" என்று தாஜ் முகம்மதின் கக்கத்துக்குள் கையை விட்டார். கலெக்டருக்கு அவர் விரல்களிலிருந்து பழகிய வாசனை வந்திருக்க வேண்டும். ஓங்கி ஒரு கொத்து. சித்தர் அலற, சேவல் துள்ளி இறங்கி, நேரே குடிலுக்குள் ஓடியது. உள்ளே பானை உருளும் சத்தம். வாசல் வழியே தவிட்டு உருண்டைகள் ஒவ்வொன்றாக உருண்டு வந்து பக்தர்களின் காலடியில் நின்றன. பின்னாலேயே கலெக்டர், கொத்திக்கொண்டு, அவசரமில்லாமல், ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி.

பாகீரதி விளக்கம் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. இருந்தாலும் டீச்சராயிற்றே.

"அணையை அடைச்சாச்சு. ஆழமான தண்ணி கெடக்கது இந்தப் பாறைக்குக் கீழ மட்டும்தான். ஆத்து மீனெல்லாம் இங்கனதான் அடைஞ்சு கெடக்கு. இவரு தெனமும் தாம்பாளத்தைத் தட்டித் தவிடு போடுதாரு. பள்ளிக்கூடத்துல மதிய மணி அடிச்சா பிள்ளைக தட்டைத் தூக்கிட்டு ஓடி வரும்லா? அதுவும் மந்திரம்தானா?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், முந்தின வாரம் வரை அங்கே விழுந்து கும்பிட்டது வேறு யாரோ என்பது போல. சிரிப்பு கோபமாவதற்குள் சித்தர் பாறைகளைத் தாண்டிவிட்டார். ராட்டையை எடுத்துப்போக அவருக்கு நேரமில்லை. புன்னக்காயல் பக்கம் நண்டுக்கு ஜாதகம் எழுதுவதாகப் பிறகு கேள்வி.

தாஜ் முகம்மது சேவலைத் தூக்கி அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே நின்றார். ஓர் இறகுகூட உதிரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்கள் மேல் எனக்கு மரியாதை கூடியிருக்கும். முடியவில்லை. முத்துசுப்பிரமணியன் பாகீரதியின் பக்கத்தில் வந்து குரலைத் தணித்தார்.

"டீச்சர், அந்தப் பொத்தான்... அது எந்தக் கிழமை வாங்கினது?"

அவருக்குப் பின்னால் சத்தமில்லாமல் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. ஒரு பெரியவர் தன் சட்டையிலிருந்து பொத்தானைப் பிய்த்து இரண்டு கையாலும் நீட்டினார். "அம்மா, உங்க கையால தொட்டுத் தாங்க. மகளுக்கு வரன் அமையல."

பாகீரதி தாம்பாளத்தைக் கீழே வைத்தார். கெண்டைகள் இன்னும் கலையாமல் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் மீனைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார்.

"தவிடு கெடைக்கும்னு அது வந்துது. அதுக்கு மூளை அவ்வளவுதான். நீங்க எதுக்கு வந்து நிக்கீங்கன்னு வீட்டுக்குப் போற வழியில கொஞ்சம் யோசிங்க."

வரிசை கலைய வெகுநேரம் ஆயிற்று.

கலெக்டர் அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்து, கிழடாகி, தன் பாட்டுக்குச் செத்தது. கடைசி வரை ஈக்கள் அதன் உதிர்ந்த இறகில்தான் கட்டப்பட்டன. மழை பெய்து அணை திறந்ததும் மீனும் விழுந்தது.

என் வேலை நிற்குமா என்று எனக்கு இன்னும் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை முடிவு செய்கிற மேனேஜர் என் கையெழுத்தையும் கணக்கையும் பார்ப்பார், சட்டைக்குள் என்ன கட்டியிருக்கிறேன் என்று பார்க்கமாட்டார். இதைப் படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் மாமியிடம் சொல்லிவிடுங்கள்: இனிமேல் தாயத்து அனுப்ப வேண்டாம். உடன்குடிக் கருப்பட்டி அனுப்பினால் போதும்.